தீர்த்தகிரி பூசிய வாத்துகள்

அத்தியாயம் 9

அட்டாலிப் பரணிலிருந்து இறங்கிய ஒன்பது மர வாத்துகளும் ஒரே மாதத்தில் அந்த வீட்டைப் பிடித்து ஆட்டி வைத்துவிட்டன. புதிதாக வந்து சேர்ந்திருக்கும் வாசகர்களுக்காக நடந்ததைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் அதற்குள் காப்பி குடித்துவிட்டு வரலாம்.

செல்லியம்மாளின் மாமனார் சென்னிமலை வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு துரைக்குப் பரிசல் தள்ளியவர். குளிர்காலம் வந்தால் அந்தத் துரை ஏரிக்கு வாத்துச் சுட வருவான். இந்த மர வாத்துகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் கோரைக்குள் துப்பாக்கியோடு உட்கார்ந்துகொள்வான். மேலே பறக்கிற நிஜ வாத்துகள், கீழே நம்மவர்கள் இருக்கிறார்கள், பயமில்லை என்று நம்பி இறங்கும். அதோடு அவற்றின் கதை முடிந்தது. சென்னிமலை இவற்றைக் கள்ள வாத்து என்றுதான் சொல்வார். துரை கப்பலேறும்போது இவற்றை அவரிடமே விட்டுப் போனான். அவர் சாக்கில் கட்டி அட்டாலியில் போட்டுவிட்டு மறந்துபோனார். பிறகு அவரும் போய்ச் சேர்ந்தார்.

மார்கழியில், வெள்ளையடிப்பதற்காக அட்டாலியை ஒழித்தபோது அந்தச் சாக்கு செல்லியம்மாள் கையில் அகப்பட்டது. மேட்டூரில் வேலை பார்க்கும் அவள் தம்பி ஒரு வாத்தைப் படம் எடுத்து மெட்ராசுக்கு அனுப்பினான். பழம்பொருள் வாங்கி விற்கும் சரவணமுத்து என்பவர், தை எட்டாம் தேதி புதன்கிழமை நேரில் வந்து விலை சொல்கிறேன் என்று பதில் எழுதினார்.

அந்தப் புதன்கிழமை விடிந்துவிட்டது.

மர வாத்துக்கு இத்தனை அமர்க்களமா என்று கேட்காதீர்கள். அந்த ஒன்பது வாத்துகளை நம்பி ஒரு மனிதனுடைய வலது கை காத்திருந்தது.

அந்த மனிதன் தீர்த்தகிரி, செல்லியம்மாளின் கொழுந்தன். நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் பெயிண்டராக இருந்தான். அவன் எழுதிய பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டே வண்டி எந்தப் பட்டறையில் தயாரானது என்று டிரைவர்கள் சொல்வார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், லாரியின் நெற்றியில் தாமரை வரைந்துகொண்டிருந்தபோது சாரப் பலகை சரிந்து விழுந்தான். தோளில் நரம்பு போயிற்று. கை இருந்தது, ஆனால் தொங்கிக்கொண்டு இருந்தது. மாசி பிறப்பதற்குள் ஆபரேஷன் செய்தால் கை பிழைக்கும், அதற்குமேல் தள்ளினால் சூம்பிப்போகும் என்று வேலூர் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"கெணத்துத் தோட்டத்தைக் குடுத்துடலாம்" என்றான் அண்ணன் செங்கோடன், செல்லியம்மாளின் புருஷன். குடும்பத்துக்குச் சோறு போடுவதே அந்த ஒரு தோட்டம்தான்.

"தோட்டத்தை வித்துத்தான் கை வரோணும்னா, அந்தக் கையில சோறள்ளித் திங்க என்னால ஆவாதுங்கண்ணா. நா வேலூருக்கு வல்லீங்க" என்று தீர்த்தகிரி படுத்துக்கொண்டான்.

அண்ணன் விற்பேன் என்கிறான். தம்பி விற்றால் போகமாட்டேன் என்கிறான். நடுவில் நாள் ஓடிக்கொண்டிருந்தது. வாத்து விலைபோனால் தோட்டமும் நிற்கும், கையும் பிழைக்கும். இதுதான் செல்லியம்மாளின் கணக்கு. கணக்கில் ஒரு குற்றமும் இல்லை.

குற்றம் நடந்தது போன ஞாயிற்றுக்கிழமை.

அன்றைக்கு அவள் வாத்துகளை வாசலில் வரிசையாக வைத்துப் பார்த்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. எங்கே பார்த்தாலும் பொத்தல். நிறமெல்லாம் வெளுத்துப் பொருக்குத் தட்டியிருந்தது. சந்தைக்கு மாடு ஓட்டுகிறவன் குளிப்பாட்டிக் கொம்புக்கு எண்ணெய் தடவித்தான் ஓட்டுகிறான். பர்மிட்டுக்குப் போகிற லாரிக்குப் புதுப் பெயிண்ட் அடிக்காமல் எந்த முதலாளியும் அனுப்புவதில்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். மெட்ராசிலிருந்து ஒருவர் மெனக்கெட்டு வரும்போது இந்தக் கோலத்திலா நிறுத்துவது?

மாட்டுக் கட்டுத்தறியை ஒட்டிய சாளைக் குடிசையில் தீர்த்தகிரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவனிடம் போய்த்தான் சொன்னாள்.

"ஏனுங் தம்பி, இதுகளுக்குச் சித்தே மூஞ்சி கழுவி உட்டாத் தேவலையுங்க. உங்க பொட்டியில பெயிண்ட் கெடக்குதல்லங்க?"

"எந்தக் கையில பூசறதுங்க நங்கையா?" என்று அவன் திரும்பாமலேயே கேட்டான். அண்ணன் மனைவியை அவர்கள் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சாமி இன்னொரு கையும் குடுத்திருக்குதல்லங்க."

சொன்ன பிறகு, அதிகம் பேசிவிட்டோமோ என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் தீர்த்தகிரி எழுந்து உட்கார்ந்தான். இரண்டு வருஷமாகத் திறக்காத பெட்டியைத் திறந்தான். இடது கையால் பிரஷ்ஷைப் பிடித்து, காய்ந்த மயிரை மண்ணெண்ணெயில் ஊற வைத்தான். அன்று மத்தியானம் அவன் தானாகவே சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அதைப் பார்த்துச் செல்லியம்மாள் அடுப்படிக்குள் போய் அழுதாள். சந்தோஷத்தில்தான்.

இப்போது புதன்கிழமைக்கு வருவோம்.

பதினோரு மணி பஸ்ஸில் சரவணமுத்து இறங்கினார். அறுபது வயதிருக்கும். கதர்ச் சட்டை, தோளில் பை, மூக்குக் கண்ணாடி. எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் ஏரியைப் பற்றி விசாரித்துக்கொண்டே வந்தார். வாத்துகளைப் பற்றிப் பேசும்போது பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிறவரைப் போல அவர் முகம் மலர்ந்திருந்தது.

வாசலில் கட்டில் போட்டு, அதன்மேல் ஜமுக்காளம் விரித்து, ஒன்பது வாத்துகளையும் நிறுத்தியிருந்தார்கள். கழுத்து பளபளவென்று பச்சை. மார்பு சிவப்பு. இறக்கையில் மஞ்சள் கோடு. முதுகுக்கு ஒன்றாகச் சின்னச் சின்னத் தாமரை. கண்ணாடிக் கண்ணைச் சுற்றி வெள்ளை வட்டம். கோடுகள் இங்கேயும் அங்கேயும் நெளிந்துதான் இருந்தன, இடது கையல்லவா. ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் தேருக்குப் புறப்பட்டவை மாதிரி ஜோராக இருந்தன.

தீர்த்தகிரி பக்கத்தில் நின்றான். சலவைச் சட்டை போட்டிருந்தான். தொங்கும் கையை இன்றைக்குத் துண்டுக்குள் மறைத்துக்கொள்ளவில்லை.

சரவணமுத்து நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். முகத்திலிருந்த மலர்ச்சி போன இடம் தெரியவில்லை.

"மோர் குடிங்க" என்று செல்லியம்மாள் செம்பை நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் இருந்த வாத்தை மெல்ல எடுத்துத் திருப்பினார். அடி வயிற்றோரம் பெயிண்ட் படாத இடத்தில் வெறும் மரம் வெளுப்பாகத் தெரிந்தது. உப்புத்தாள் கீறல்கள் அதில் நன்றாகவே தெரிந்தன.

"இது யார் பண்ணது?"

"நானுங்க" என்றான் தீர்த்தகிரி. அவன் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று என்று செல்லியம்மாள் நினைத்துக்கொண்டாள்.

"ஓட்டையெல்லாம் எங்கே? படத்துல நிறைய ஓட்டை இருந்ததே?"

"பட்டி வச்சு அடைச்சுட்டனுங்க. ஒரு பொத்தல் தெரியாதுங்க."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "அது துப்பாக்கி ரவை பாஞ்ச ஓட்டை, தம்பி. உள்ளே ரவையும் இருந்திருக்கும். சரி, அதை விடுங்க. பழைய பெயிண்ட்? பூசறதுக்கு முன்னாடி தேய்ச்சீங்களா?"

"தேய்க்காமங்களா?"

"எல்லாத்தையுமா? இந்த ஒண்ணை மட்டுமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எல்லாத்தையும் தேய்ச்சீங்களா?"

ஏன் இரண்டு தடவை கேட்கிறார் என்று செல்லியம்மாளுக்கு விளங்கவில்லை. தீர்த்தகிரி ஒரு கணம் தயங்கினான். பிறகு நிமிர்ந்தான்.

"பதினஞ்சு வருசம் பட்டறையில இருந்தவனுங்க நானு. தேய்க்காமப் பூசறவன் நானில்லீங்க. ஒம்பதையும் மரம் தெரியத் தேச்சுத்தான் பூசுனனுங்க."

சரவணமுத்து வாத்தைக் கட்டிலில் வைத்துவிட்டார். பச்சைப் பெயிண்ட் அவர் விரலில் லேசாக ஒட்டியிருந்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா, நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்காதீங்க. இந்த மாதிரி வாத்துகளைச் சீமையில தேடித் தேடி வாங்கறாங்க. அவங்களுக்கு வேண்டியது மரம் இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னாடி செஞ்சவன் பூசின பெயிண்ட், வெயில்ல வெளுத்து, தண்ணியில ஊறி, ரவை பட்டு... அந்தப் பழசுக்குத்தான் காசு. அது போயிட்டா இது பொம்மை."

"எத்தனை பெறுமுங்க?" என்று கேட்டாள் செல்லியம்மாள். "இருந்த மாதிரியே இருந்திருந்தா?"

அவர் சொல்ல விரும்பவில்லை. அவள் மறுபடி கேட்டாள்.

"ஒண்ணு மூவாயிரம்னு நானே எடுத்திருப்பேன்."

ஒன்பது மூவாயிரம். செலவு போக வேலூரிலிருந்து கையை வீசிக்கொண்டு வந்திருக்கலாம். செல்லியம்மாள் மோர்ச் செம்போடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சரவணமுத்து நல்ல மனிதர். கிளம்பும்போது தீர்த்தகிரியின் தொங்கும் கையைப் பார்த்தார். ஏதோ புரிந்திருக்க வேண்டும். "இடது கையாலயா பூசினீங்க? கோடு நல்லா வந்திருக்கு" என்றார். அதைச் சொல்லாமல் போயிருக்கலாம். ராத்திரி ஒன்பது மணிக்குச் சேலத்தில் ரயில், அதுவரை ஜங்ஷனில்தான் இருப்பேன், அதற்கப்புறம் ஏதாவது என்றால் கடிதம் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு ஒரு மணி பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் செங்கோடன் சாப்பாட்டுக்கு வந்தான்.

வாத்துக்காரர் வருகிற நேரத்தில் தான் வீட்டில் இருக்கக் கூடாது என்று காலையிலேயே அவன் தோட்டத்துக்குப் போய்விட்டான். ஆசையை வெளியே காட்டிக்கொள்ளாத மனிதன். ஆனால் வழியில் சரவணமுத்துவைப் பார்த்திருக்கிறான், நிறுத்தி விசாரித்தும் இருக்கிறான். அவன் வந்த வேகத்திலேயே அது தெரிந்தது.

கட்டிலுக்கு முன்னால் நின்று ஒன்பதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். சாளைக்குள் வைத்தே பூசியதால் அதுவரை அவன் கண்ணில் அவை பட்டிருக்கவில்லை.

"ஆரு பூசச் சொன்னா?"

செல்லியம்மாள் வாயைத் திறந்தாள். அதற்குள் தீர்த்தகிரி முந்திக்கொண்டான்.

"ஆரும் சொல்லலீங்கண்ணா. நானாத்தான் பூசுனேன்."

இப்போது அவள் பேசியிருக்க வேண்டும். இல்லீங்க, நான்தான் என்று இரண்டே வார்த்தை. பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் புருஷனை அவள் ஏமாற்றியதில்லை. அன்றைக்கு அந்த இரண்டு வார்த்தை நாக்கில் ஏறவில்லை. செங்கோடனின் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள், அவ்வளவுதான். அவளுக்காக நான் வேறு காரணம் ஜோடிக்கப் போவதில்லை.

"கேக்கோணும்னு தோணலையா உனக்கு? நங்கையாகிட்டயாச்சும் ஒரு வார்த்தை கேட்டியா?"

"இல்லீங்க."

"கை போனாப் போவுது, புத்தியுமாடா போச்சு?"

சொன்னது செங்கோடனின் வாய்தான். ஆனால் சொல்லிவிட்டு அவனே அடிபட்டவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டான். தீர்த்தகிரி இடது கையால் வலது கையை எடுத்துத் துண்டுக்குள் வைத்து மூடிக்கொண்டான்.

"நாளைக்குக் காலையில தோட்டத்துக்கு அச்சாரம் வாங்கறேன். நீ வேலூருக்கு வாரே. வல்லீன்னு சொன்னீன்னா இந்த ஊட்டுல நானில்லை" என்று சொல்லிவிட்டுச் செங்கோடன் சாப்பிடாமலே திரும்பிப் போனான்.

சோறு ஆறிப்போயிற்று. வெயில் இறங்கத் தொடங்கியபோது செல்லியம்மாள் சாளைக்குப் போனாள். தீர்த்தகிரி வாத்துகளைச் சாக்குக்குள் போட்டுக்கொண்டிருந்தான்.

"தம்பி, நா பண்ணுனது பாவமுங்க. நாந்தான் சொன்னேன்னு சொல்லியிருக்கோணும். வாயே வல்லீங்க."

"அதை உடுங்க நங்கையா." அவன் நிமிரவில்லை. "நா பண்ணுனது அதைவிடப் பெரிய பாவமுங்க."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"தேய்க்கலீங்க."

அவளுக்குப் புரியவில்லை.

"அந்த ஓரத்து வாத்தை மட்டுந்தான் தேச்சனுங்க. தேய்க்கறதுக்கு ஒரு கை புடிக்கோணும், ஒரு கை தேய்க்கோணும். முழங்காலுக்கு நடுவுல இடுக்கிப் பார்த்தேன். வழுக்கி வழுக்கி உழுவுதுங்க. மத்த எட்டையும் அப்பிடியே பழசு மேலயே பூசிட்டனுங்க. பட்டறையில எவனாச்சும் அப்பிடிப் பூசுனா மேஸ்திரி பிரஷ்ஷைப் புடுங்கி வீசிருவாரு. வெளியாள் முன்னால அதை எப்பிடிங்க ஒத்துக்கறது? கையுமில்லே, தொழிலும் சுத்தமில்லேன்னு நெனைப்பாரல்லங்க?"

சரவணமுத்து ஏன் இரண்டு தடவை கேட்டார் என்பது இப்போது மெல்ல அவளுக்கு உறைத்தது.

"அப்படீன்னா, பழசு உள்ளுக்கே இருக்குதுங்களா?"

தீர்த்தகிரி ஒரு வாத்தை எடுத்தான். கட்டை விரல் நகத்தைக் கழுத்தோரம் வைத்து நெம்பினான். நெல்லளவு பச்சை, தோல் மாதிரி உரிந்து வந்தது. அடியில் மங்கலான பழுப்பு நிறம், வெடிப்பு வெடிப்பாக, அட்டாலியில் இருந்த அதே நிறம்.

"தேய்க்காமப் பூசுனா புடிப்பிருக்காதுங்க. ஒரு மழைக்குத் தாங்காது. ஆனா நாம உரிச்சா பழசும் சேந்து வந்துரும். பாருங்க, இந்த ஓரத்துல கொஞ்சம் வந்துருச்சு. நாள் ஆவ ஆவ இறுகிரும். அவரு கையிலயே குடுத்துறோணுமுங்க. பழசு கெடாம எடுக்க அவருக்குத்தான் தெரியும்."

"அவரு சேலத்துல இருக்கறாரு. ஒம்பது மணிக்கு ரயிலு."

"தெரியுமுங்க. நாலு மணி பஸ்ஸுக்குப் போலாமுன்னுதான் சாக்குல போடறேன்."

"ஒத்தைக் கையில அத்தனையும் எப்பிடித் தூக்குவீங்க?"

"தூக்கிக்குவேனுங்க." சாக்கின் வாயைப் பல்லில் கடித்துக்கொண்டு கயிறு சுற்றினான். "அண்ணங்கிட்டச் சொல்ல வேண்டாமுங்க. விக்கலீன்னா நா அப்பிடியே எங்கயாச்சும் போய்க்கறேன். நா இல்லீன்னா தோட்டத்தை விக்க வேண்டிய வேலை இல்லையல்லங்க."

அதைக் கேட்டதும் செல்லியம்மாள் பயந்துபோனாள். அவன் சொன்ன தோரணை அப்படி. கோபமாகவோ அழுதோ சொல்லியிருந்தால் பயமில்லை. சந்தைக்குப் போய் வருகிறேன் என்பது போலச் சொன்னான்.

அவள் தோட்டத்துக்கு ஓடினாள். செங்கோடன் மஞ்சள் பாத்திக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, நாந்தானுங்க பூசச் சொன்னேன். தம்பி மேல ஒரு தப்புமில்லீங்க."

மண்வெட்டி பாதியில் நின்றது. தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு வேறு பாத்திக்குள் பாய்ந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

"எப்ப வந்து சொல்றே நீயி?"

"பயந்துட்டனுங்க."

"பூசச் சொன்னதுக்கு நா ஒண்ணும் சொல்லலை. தெரியாமப் பண்ணுனே. ஆனா இதை அவன் அங்க நிக்கறப்பச் சொல்லியிருக்கோணும் செல்லி. நீ சொல்லாததாலதான் எம்பட வாயில அந்தப் பேச்சு வந்துச்சு. அதை நா எங்க கொண்டு போய்க் கழுவறது?"

அவள் அழுதாள். அழுதுகொண்டே, பழைய பெயிண்ட் உள்ளே இருப்பதையும், வாத்துக்காரர் சேலத்தில் இருப்பதையும், தீர்த்தகிரி கிளம்பப் போவதையும், அவன் சொன்ன கடைசிப் பேச்சையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

செங்கோடன் கூடாது என்று தலையை ஆட்டினான்.

"போவ வேண்டாம். அவனும் போவ வேண்டாம், நீயும் அனுப்ப வேண்டாம். ஒரு தடவை நம்பி வயிறெரிஞ்சது போதும். இன்னொருக்கா அந்தாளு முன்னால போய் நின்னு, அவரு இல்லீன்னு கையை விரிச்சா, என்ற தம்பி உசுரோட திரும்ப மாட்டான். தோட்டம் போனாப் போவட்டும். அவனைப் புடிச்சு ஊட்டுல உக்கார வை. இந்த மடையைக் கட்டிட்டு நா வாரேன்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அவனுக்கு இருந்த பயம்தான் அவளுக்கும். ஆனால் தோட்டத்தை விற்றால் தீர்த்தகிரி வேலூருக்குப் போகமாட்டான் என்பது அவளுக்கு நிச்சயம். செங்கோடனுக்கு அது நிச்சயமில்லை, அதுதான் வித்தியாசம்.

அவள் திரும்பி வந்தபோது சாளை காலியாக இருந்தது.

ரோட்டுக்கு ஓடினாள். காலில் செருப்பில்லை. வீட்டுக்குக் கட்டும் பழைய சேலைதான் உடம்பில். நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் நாலு மணி பஸ் நிறுத்தத்தில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. தீர்த்தகிரி கடைசி சீட்டில், மடியில் சாக்கை அணைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

அவள் படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எறங்குங்க தம்பி."

"அண்ணங்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

"எல்லாத்தையும் சொல்லிட்டனுங்க. நாந்தான் பூசச் சொன்னேன்னும் சொல்லிட்டேன்."

அவன் முகம் வாடிவிட்டது. "ஏனுங்க சொன்னீங்க? அந்த ஊட்டுல காலத்துக்கும் இருக்க வேண்டியவிக நீங்க. எம்மேல ஒரு பழி கூடக் கெடந்தா என்னங்க கெட்டுப்போச்சு?"

"அண்ணன் போவ வேண்டாங்கறாரு."

"தெரியுமுங்க. அதுக்குத்தான் சொல்லாமப் போறேன்."

"ஏறுறதுன்னா ஏறு, எறங்குறதுன்னா எறங்கும்மா" என்று நடத்துனர் அதட்டினார். பஸ் நகர்ந்தது.

செல்லியம்மாள் அவனைப் பார்த்தாள். சாக்கை அணைத்திருந்த இடது கை விரலெல்லாம் பச்சையும் சிவப்புமாக இருந்தது. துண்டுக்குள் இருந்த இன்னொரு கை பஸ்ஸின் ஆட்டத்துக்குத் தகுந்தபடி ஆடியது. இவனைத் தனியாக விட்டால் திரும்பி வரமாட்டான். இறக்கிக் கூட்டிப் போனாலும் வீட்டில் இருக்கமாட்டான்.

அவள் உள்ளே ஏறி, அவன் பக்கத்தில் சாக்குக்கு இந்தப் புறம் உட்கார்ந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பால் காசு இருந்தது.

"சேலம், ரெண்டு" என்றாள்.

"நங்கையா, ஊர் என்னங்க பேசும்?" தீர்த்தகிரி பதறினான்.

"பேசட்டுமுங்க."

பஸ் ஏரிக்கரை வளைவில் வேகம் குறைத்தது. தோட்டத்துப் பாதையில் ஒரு ஆள் ஓடி வருவது பின் கண்ணாடியில் தெரிந்தது. தோளில் மண்வெட்டி, முழங்கால் வரைக்கும் சேறு. ஒரு கையை உயரத் தூக்கி ஆட்டிக்கொண்டே வந்தான். நிறுத்தச் சொல்கிறானா, தானும் வருகிறேன் என்கிறானா, அத்தனை தூரத்திலிருந்து சொல்ல முடியவில்லை.

நடத்துனர் விசிலை வாய்க்கருகே கொண்டுபோனார்.

"யாரோ கை காட்டுறாரு. உங்க ஆளாம்மா? நிறுத்தட்டுமா?"

தீர்த்தகிரி எழுந்திருக்கப் பார்த்தான். செல்லியம்மாள் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"என்ற ஊட்டுக்காரருதாங்க" என்றாள். "நிறுத்த வேண்டாம். போங்க."